குடம்புளி போன தூரம்

கொச்சியில் மளிகைக் கடைக்குப் போய் "புளி" என்று மட்டும் கேட்டால் பொருள் உடனே கைக்கு வராது. "வாளனா, குடமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வாளன்புளி என்பது தமிழ்நாட்டில் ரசத்துக்கும் சாம்பாருக்கும் கரைக்கிற அதே புளி. காய் வாள்போல நீண்டு வளைந்திருப்பதால் மலையாளத்தில் அந்தப் பெயர். குடம்புளி வேறு மரம். அதன் பழம் உள்ளங்கையில் அடங்கும் பூசணிக்காய் போல, மேலிருந்து கீழாகப் பள்ளம் பள்ளமாக, சிறு குடத்தின் வடிவில் இருக்கும். மீன் குழம்புக்கே உரியது என்பதால் மீன்புளி என்றும் சொல்வதுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து அடுப்படிகளுக்கு இது புதிதல்ல. சிங்களவர் இதைக் 'கொரக்கா' என்பார்கள். இதை அரைத்து மீன்மேல் பூசி வேகவைக்கும் 'அம்புல் தியல்' இலங்கையின் தென்கரையில் பேர்போன பண்டம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மலைச்சரக்குக் கடைகளில் மிளகு, சுக்கு, ஏலம், ஜாதிக்காய் மூட்டைகளுக்கு நடுவே குடம்புளிச் சாக்கும் வாய் திறந்திருக்கும். உள்ளே கன்னங்கரேலென்று, தொட்டால் பிசுபிசுக்கும், புகை மணக்கும் சுளைகள். அந்தப் புகைக்குக் காரணம் மழை. பழம் பழுப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். அப்போது கேரளத்தில் வெயிலை நம்ப முடியாது. விதையை நீக்கி, கிடைத்த வெயிலில் வாட்டி, மிச்ச ஈரத்தை அடுப்புக்கு மேலே புகையில் போக்குவார்கள். வெளிர்மஞ்சள் தோல் கருத்துவிடும். பிறகு உப்பும் தேங்காய் எண்ணெயும் பிசறி ஜாடியில் அடைத்துவிட்டால் நெடுநாள் கெடாது.

இதே புளி கடந்த 30 ஆண்டுகளாக உலகின் மருந்துக் கடைகளில் 'கார்சினியா கம்போஜியா' என்ற பெயரில் மாத்திரையாகக் கிடக்கிறது. உடல் எடையைக் குறைக்கும் என்பது விளம்பரம். அரிசியையும் கோதுமையையும் குறைத்து, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவுக்கு மாறி, முதல் இரண்டு மாதங்களில் மளமளவென்று எடை இறங்கி, பிறகு முள் ஒரே இடத்தில் நின்றுவிட்ட மனிதர்தான் அந்த மாத்திரையை நோக்கி எளிதில் கை நீட்டுகிறார். கொச்சியின் சட்டியிலிருந்து அந்தப் புட்டிக்குள் இந்தப் புளி எப்படிப் போனது என்பது ஒரு வரலாறு. எடை நின்றவருக்கு வேண்டிய விடை புட்டியில் இல்லை, சட்டியிலேயே இருக்கிறது என்பது அந்த வரலாற்றைப் படித்தால் தெரியும்.

குடம்புளி ஐரோப்பிய அச்சில் ஏறியது கொச்சியிலிருந்துதான். 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது. அடுத்த பத்தாண்டில் மலபாரின் டச்சுத் தளபதியாக இருந்தவர் ஹென்ரிக் வான் ரீட். வெப்பநாட்டில் நோய்ப்படும் சிப்பாய்களுக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் மருந்து பாதி கெட்டுப்போய் வருகிறது, இந்த மண்ணிலேயே மருந்து இருக்கும்போது அது எதற்கு என்று நினைத்தவர். சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொச்சியில் குடியேறியிருந்த கொங்கணி வைத்தியர்கள் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரைக் கொண்டு நாட்டு மூலிகைகளைத் தொகுக்கத் தொடங்கினார். ஓவியர்கள் செடிகளைப் பார்த்து வரைந்தார்கள். வைத்தியர் மலையாளத்தில் சொன்னது போர்த்துக்கீசிய மொழிக்கும் அங்கிருந்து லத்தீனுக்கும் போனது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' அச்சானது. 742 தாவரங்கள் அதில் உண்டு.

முதல் தொகுதியின் 24ஆம் படம் குடம்புளி. 'கொட்டம்புல்லி' என்று படிக்கும்படி லத்தீன் எழுத்தில் பெயர் போட்டிருக்கிறார்கள். டச்சு நாக்குக்கு அவ்வளவுதான் வந்தது. பின்னாளில் செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் மலபார் தாவரங்கள் பலவற்றை அறிந்தது இந்த நூலின் வழியாகத்தான். அவர் காலத்திலேயே ஒரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. கம்போடியாவில் மஞ்சள் சாயம் தரும் இன்னொரு மரத்தின் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. மாத்திரைப் புட்டியில் இன்றும் 'கம்போஜியா' என்று இருப்பதற்கு அதுவே காரணம். கொச்சிக்காரர்களின் புளி, கம்போடியாவின் பெயரில் விற்கிறது.

வான் ரீடுக்கு உதவிய கொங்கணி வைத்தியர்களுக்கு இந்தப் பழம் அந்நியமாக இருந்திருக்காது. அவர்கள் சமூகம் கோவாவிலிருந்து வந்தது. அங்கே சமையலுக்குப் புளிப்புத் தருவது கோக்கம், குடம்புளிக்குத் தங்கை முறையாகும் மரம். மட்டாஞ்சேரியின் செறளாய் பகுதியில் கொங்கணிகளின் திருமலைக் கோயிலைச் சுற்றி அந்தச் சமூகம் இன்றும் வாழ்கிறது.

மீனோடு இந்தப் புளி சேர்ந்தது சுவைக்காக மட்டுமில்லை. அதன் அமிலம் மீனைக் கெடுக்கும் கிருமிகளை அடக்கும். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் காலையில் வைத்த குழம்பு மறுநாளும் நல்லபடியாக இருந்ததற்கு மண்சட்டியும் குடம்புளியும் கூட்டாகப் பொறுப்பு. மேற்குக் கரையில் 'கொழும்பு முறை' என்று ஒரு மீன் பதனமே உண்டு. அயலையை, அதாவது கானாங்கெளுத்தியை, குடல் நீக்கிக் கழுவி, உப்போடு குடம்புளிச் சுளைகளையும் சேர்த்துத் தொட்டியில் அடுக்கி ஊறவைத்து, பீப்பாயில் இலங்கைக்கு அனுப்புவார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த துறையே அந்த முறைக்குப் பெயராகிவிட்டது.

சட்டியில் மீன் இருந்தால் தட்டில் என்ன இருந்தது? சோறு. ஆனால் கொச்சியின் சோறு பெரும்பகுதி கொச்சியில் விளைந்ததில்லை. மிளகையும் கொப்பரையையும் விற்று அரிசி வாங்கிய கரை இது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்கள் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து அறுந்தது. ரேஷன் வந்தது. வயிற்றை நிரப்பியது மரவள்ளிக் கிழங்கு, அதாவது கப்பை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஏற்கெனவே ஊக்குவித்துப் பரப்பியிருந்த பயிர் அது. கப்பையும் மீன்குழம்பும் இன்று ஓட்டல் பலகைகளில் பெருமையாக எழுதப்படும் ஜோடி. அதற்குப் பின்னால் ஒரு பஞ்ச காலத்தின் பசி இருக்கிறது.

அந்தச் சோற்றுக் குவியலுக்கு ஒரு நியாயம் இருந்தது, அதை மறக்கக் கூடாது. மட்டாஞ்சேரித் துறையில் மூட்டை தூக்கியவர்களுக்கு வேலை கிடைத்தது 'சாப்பா' என்ற உலோக வில்லையால். கங்காணி வில்லைகளைக் கூட்டத்தில் வீசி எறிவான். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று கூலி. அந்த இழிமுறைக்கு எதிராகத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாள் முழுக்க மூட்டை சுமந்தவர் தட்டில் சோறு மலையாக இருந்தால் அது மாலைக்குள் வியர்வையாகப் போய்விடும்.

போர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் உள்ள டோபி கானா தமிழர்களின் இடம். டச்சுச் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டார்கள் என்பது அங்குள்ள வண்ணார் சமூகத்தார் தலைமுறைகளாகச் சொல்லிவரும் வரலாறு. தொட்டித் தண்ணீரில் நின்று துணியை அடித்துத் துவைத்து, பருத்தித் துணிக்கு அரிசிக் கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே முனையைச் செருகி உலர்த்துவார்கள். கிளிப் வேண்டாம். இவர்கள் கையில் அரிசி துணிக்கும் போயிற்று, உடம்புக்கும் போயிற்று, இரண்டும் வேலை செய்தன.

உடல் உழைப்பு ஒழிந்து தட்டு மட்டும் அப்படியே இருந்தபோதுதான் கணக்கு இடறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியானபோது, கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. அந்தப் பட்டியலில் கேரளத்துக்கு மேலே இருந்தவை கோவாவும் புதுச்சேரியும். மூன்றுமே கடலோரம், மூன்றுமே சோறும் மீனும் உண்ணும் மண்.

மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைக்கும் வழி புதியதில்லை. லண்டனில் சவ அடக்கத் தொழில் செய்த வில்லியம் பான்டிங் 1863இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். டாக்டர் வில்லியம் ஹார்வி சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றை விட்டதில் தன் எடை இறங்கிய கதையை அதில் எழுதினார். 1862 ஆகஸ்ட் 26 அன்று 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ. சரியாக ஓராண்டு கழித்து 156 பவுண்டு, ஏறத்தாழ 71 கிலோ. தேதிவாரியாக எடையை அவர் குறித்து வைத்திருந்தார், அந்தப் பட்டியல்தான் இங்கே முக்கியம். அக்டோபரில் மூன்று வாரத்துக்கு நான்கு பவுண்டு இறங்கியது. ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று வாரத்துக்கு இரண்டே பவுண்டு. ஏப்ரலில் மறுபடி மூன்று. கோடையின் கடைசியில் இரண்டு, பிறகு ஒன்று. லோ-கார்ப், அதாவது மாவுச்சத்து குறைந்த உணவின் முதல் பிரபல ஆவணத்திலேயே மந்தம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. பான்டிங் அதைப் பார்த்துக் கலங்கவில்லை. 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸின் நூல் இதே வழியை மீண்டும் உலகுக்குக் கொண்டுவந்தது. தமிழில் அது 'பேலியோ' என்ற பெயரில், நியாண்டர் செல்வன் போன்றோரின் எழுத்தால், வீடுவீடாகப் பரவியது.

எடை ஏன் நிற்கிறது? முதல் வாரங்களின் வேகமே ஒரு மாயத் தோற்றம். கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சேமிப்பை வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது, முள் இறங்குகிறது. கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரைவதில்லை. அடுத்தது உடலின் தேவையே குறைவது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஆய்வாளராக இருந்த கெவின் ஹால் குழுவின் கணக்குப்படி, ஒரு கிலோ எடை இறங்கினால் உடல் நாளொன்றுக்குச் செலவிடும் ஆற்றல் 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ கிலோவுக்கு 100 கலோரி அளவில் ஏறுகிறது.

10 கிலோ இறங்கியவருக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். அவர் உடம்புக்கு இப்போது நாளைக்கு 250 கலோரி குறைவாகப் போதும். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெய் 240 கலோரி. தொடக்கத்தில் எடையை இறக்கிய அதே சாப்பாடு, அதே அளவு, இப்போது எடையை அப்படியே நிறுத்திவைக்கும் சாப்பாடாக மாறிவிட்டது. யாரும் தவறு செய்யவில்லை. ஆள் சிறுத்துவிட்டார், சட்டி சிறுக்கவில்லை.

இது ஒருவர் இருவர் அனுபவம் அல்ல. இஸ்ரேலில் டிமோனா நகரின் அணு ஆராய்ச்சி மையப் பணியாளர்கள் 322 பேரை ஐரிஸ் ஷாய் குழுவினர் இரண்டாண்டு கண்காணித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மதிய உணவே அங்கே முக்கிய உணவு, அலுவலக உணவகத்தில் பரிமாறப்பட்டது. லோ-கார்ப் பிரிவில் எடை முதல் ஆறு மாதம் இறங்கியது. பிறகு நின்றது, சற்று ஏறவும் செய்தது. இரண்டாண்டு முடிவில் சராசரி இறக்கம் 4.7 கிலோ. குறைந்த கொழுப்பு உணவுப் பிரிவில் 2.9 கிலோ. டிமோனா இருப்பது நெகேவ் பாலைநிலத்தில். 1950களில் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவையும் சுற்றுவட்டாரத்தையும் விட்டுப் போன கொச்சி யூதர்கள் பலர் ஊன்றிய நெவாட்டிம் கிராமமும் அதே நெகேவில்தான் இருக்கிறது.

இனி புளிக்குத் திரும்பலாம்.

குடம்புளியின் புளிப்பு எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், இல்லையென்றால் புளியின் டார்டாரிக் அமிலம் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1965இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்.எஸ். லூயிஸும் எஸ். நீலகண்டனும் அது ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். நான்கே ஆண்டில், பாஸ்டன் அருகே பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லோவன்ஸ்டைன் குழு அந்த அமிலத்தின் வேலையைக் கண்டது. உடலுக்குத் தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் பாதையில் ஒரு நொதி உண்டு. இந்த அமிலம் அதன் கையைக் கட்டிவிடுகிறது. 1970களில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவன ஆய்வாளர்கள் எலிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். எலிகள் குறைவாகத் தின்றன, எடை கூடுவதும் குறைந்தது. அதற்கு மேல் வியாபாரிகளுக்கு என்ன வேண்டும்? 1990களில் மாத்திரை வந்துவிட்டது.

மனிதரிடம் அது பலிக்கிறதா என்று நியூயார்க்கின் செயின்ட் லூக்ஸ்-ரூஸ்வெல்ட் மருத்துவமனையில் ஸ்டீவன் ஹெய்ம்ஸ்ஃபீல்ட் குழு சோதித்தது. 135 பேர், 12 வாரம். எல்லோருக்கும் ஒரே குறைகலோரி உணவு. பாதிப் பேருக்கு நாளைக்கு 1,500 மில்லிகிராம் அமிலம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 1998 நவம்பரில் முடிவு வெளியானது. குடம்புளி மாத்திரை தின்றவர்கள் சராசரியாக 3.2 கிலோ இழந்தார்கள், வெற்று மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். ஆனால் மாத்திரைக்குச் சாதகமாக எதுவும் இல்லை என்பது உறுதி.

விற்பனை அதற்காக நின்றுவிடவில்லை. 2012இல் அமெரிக்கத் தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மத் ஓஸ் தன் நிகழ்ச்சியில் குடம்புளிச் சாற்றைப் புகழ்ந்தார், தேவை எகிறியது. 2014 ஜூனில் செனட் துணைக்குழு அவரை அழைத்து இப்படிப்பட்ட வாக்குறுதிகளைப் பற்றிக் கடுமையாகக் கேள்வி கேட்டது. இன்னொரு புறம், இந்தச் சாறு கலந்த மாத்திரைகளைத் தின்றவர்களில் சிலருக்குக் கல்லீரல் பழுதான செய்திகள் மருத்துவ இதழ்களில் தொடர்ந்து வந்தன. குழம்பில் போடும் சுளைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கரையோரம் முழுக்க உண்ட பொருள் அது, பல சுளைகளின் சாற்றைச் சுண்டவைத்துத் தினமும் விழுங்குவது வேறு.

லோ-கார்ப் உணவில் இருப்பவருக்கு இந்த மாத்திரை மற்றவர்களைவிடவும் பயனற்றது. அதன் வேலை என்ன? உபரி மாவுச்சத்து கொழுப்பாவதைத் தடுப்பது. அவர் தட்டில் உபரி மாவுச்சத்தே இல்லை. அந்தப் பாதையில் வண்டியே ஓடவில்லை, அங்கே போய்த் தடுப்புக் கட்டை போடுவதால் என்ன ஆகும்? அவருக்கு வரும் உபரி எண்ணெயிலிருந்தும் தேங்காயிலிருந்தும் முந்திரியிலிருந்தும் வருகிறது. அது கொழுப்பாக மாற வேண்டியதில்லை, வரும்போதே கொழுப்பு. எடை நின்றதும் குடம்புளி மாத்திரை வாங்கும் லோ-கார்ப் நண்பருக்குக் காசுதான் போகும், அதனால் எடை இறங்க வழியில்லை.

அதே ஹெய்ம்ஸ்ஃபீல்ட் பங்கேற்ற இன்னொரு ஆய்வு 1992இல் வெளிவந்திருந்தது. மாத்திரை ஆய்வைவிட அதுதான் எடை நின்றவர்களுக்கு உதவும். "1,200 கலோரிக்கு மேல் தின்பதில்லை, ஆனாலும் எடை இறங்கவில்லை" என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் உடல் எரிக்கும் ஆற்றலைக் குறியிட்ட தண்ணீர் முறையில் அளந்தார்கள். உடலில் கோளாறு எதுவும் இல்லை. தாங்கள் உண்டதில் கிட்டத்தட்ட பாதியை, 47 சதவீதத்தை, கணக்கில் விட்டிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்ல. சமைத்துக்கொண்டே வாயில் போட்டது, தாளிப்பில் சேர்ந்தது, பேசிக்கொண்டே கொறித்தது, இவை யாருக்கும் சாப்பாடாக நினைவில் நிற்பதில்லை.

கொச்சிச் சமையலில் அப்படி மறைந்திருப்பது எது என்று தேடத் தேவையில்லை. தேங்காய். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350 கலோரிக்கு மேல் இருக்கிறது. கீரைத் தோரனில் கீரையைவிடத் தேங்காய் தூக்கலாக விழும் வீடுகள் உண்டு. மாவுச்சத்துக் கணக்கில் அது குற்றமற்றது. அதனால் சோற்றை விட்டவர் நிம்மதியாக இரண்டாம் முறை வாங்கிக்கொள்வார். முந்திரி ஒரு கைப்பிடி 30 கிராம் என்றால் 165 கலோரி. கொழுப்புக்குப் பயப்படாதே என்று தொடக்கத்தில் கேட்ட சொல் 10 கிலோ இறங்கிய பிறகும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் குடம்புளியின் பழைய வேலை உதவிக்கு வருகிறது. கொச்சியில் மீன் குழம்பு ஒன்றல்ல. தேங்காய்ப்பாலில் மிதக்கும் மோளி ஒன்று, தேங்காய் அரைத்துவிட்டது ஒன்று, நெத்திலியோடு துருவிய தேங்காயும் புளியும் பிரட்டி வற்றவைக்கும் பீர ஒன்று. இவற்றோடு 'மீன் முளகிட்டது' உண்டு: மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, குடம்புளி. தேங்காய் ஒரு துளியும் இல்லை. தாளிக்க ஒரு கரண்டி எண்ணெய் போதும். அதே சாளை மீன், அதே சட்டி, மோளியிலிருந்து முளகிட்டதற்கு மாறினால் வேண்டாத கலோரி சத்தமில்லாமல் கழிந்துவிடும். குழம்புக்குக் கனமும் காரத்துக்கு ஈடும் தருவது புளி என்பதால் நாக்குக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. பொரித்த மீனுக்குப் பதில் வாழையிலையில் மடித்துச் சுட்ட பொள்ளிச்சது. எண்ணெயைப் புட்டியிலிருந்து ஊற்றாமல் கரண்டியால் அளப்பது. நாளைக்கு மூன்று கரண்டி என்று வைத்தால் அதை வீட்டுப் பெண்கள் அப்படியே கடைப்பிடிப்பார்கள், எவ்வளவு என்பதை யாராவது சொன்னால் போதும்.

தட்டின் நடுவே சோறு இருந்த இடத்தில் மீனை வைப்பதுதான் பெரிய மாற்றம். புரதம் பசியை அடக்கும், எடை இறங்கும்போது தசை கரையாமலும் காக்கும். சுற்றிலும் முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பாவற்காய், கோவைக்காய். வித்து முற்றாத பிஞ்சுப் பலாவான இடிச்சக்கை நல்ல துணை, பழுத்த பலாச்சுளை அல்ல. ஹோர்த்துஸ் நூலில் இடம்பெற்ற அதே பலாதான், பருவம் மட்டும் வேறு. கப்பைக்கு இங்கே இடமில்லை என்று வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 100 கிராம் மரவள்ளியில் 38 கிராம் மாவுச்சத்து, வெந்த சோற்றில் அதே எடைக்கு 28. 'ஒரே ஒரு கப்பைத் துண்டு' என்று மாலை நேரத்தில் திரும்பி வருவதுதான் பல தட்டுகளில் மறைந்திருக்கும் மாவு. தேநீரில் விழும் சர்க்கரை, நேந்திரங்காய் வறுவல், கடை மசாலாக் குழம்பைக் கெட்டியாக்கும் மாவு, இவையும் அதே கூட்டம்.

எடை நின்றது என்று எப்போது சொல்லலாம் என்பதிலும் பொறுமை தேவை. உப்புக் கருவாடும் ஊறுகாயும் தின்ற மறுநாள் முள் ஒரு கிலோ ஏறி நிற்கும். அது தண்ணீர். மூன்று நான்கு வாரம் முள்ளும் அசையாமல் இடுப்பளவும் அசையாமல் இருந்தால்தான் அது உண்மையான நிறுத்தம். இடுப்பு இறங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பான்டிங்கின் பட்டியலில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களை நினைத்துக்கொள்ளலாம். அவர் அந்த மூன்று மாதத்தில் உணவை இன்னும் கடுமையாக்கி உடம்பை வதைக்கவில்லை. சாப்பாட்டை மேலும் மேலும் குறுக்கிக்கொண்டே போவது கெடுதல். தூக்கம், நடை, வாரம் இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சி இவற்றைத் தட்டுக் கணக்கோடு சேர்ப்பது நல்லது. மட்டாஞ்சேரித் துறையிலும் வெளியின் துவைப்புத் தொட்டியிலும் உடம்பு செய்த வேலையில் ஒரு சிறு பங்கையாவது உடம்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எடை நின்றுவிட்டது என்று மருந்துக் கடைக்குப் போகும் முன்னால் ஒரு தாளை எடுங்கள். வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை தேங்காய், எவ்வளவு முந்திரியும் நிலக்கடலையும் செலவாகின்றன என்று எழுதி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு முப்பதால் வகுத்துப் பாருங்கள். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் உணவை மாற்றும் முன் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். சோறு குறைந்தால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். குடம்புளியைச் சட்டியிலேயே விட்டுவிடுங்கள். அரைக் கிலோ சாளைக்கு மூன்று சுளை போதும்.